ஹேக்கர், மேக்கர் முகாம்களுக்குப் போய் அப்படி என்னதான் செய்கிறார்கள்? அதில் என்ன சந்தோஷம்?

கேள்வி கேட்டவர் கூடவே இதையும் எழுதியிருக்கிறார்: "காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, புல்வெளியில் கூடாரம் போட்டு, எதற்கும் உதவாத பொம்மைகளைச் செய்துவிட்டு வருகிறார்களாமே, உண்மையா?"

உண்மைதான். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன். பிரிட்டனில் வேலை பார்க்கிறேன். இங்கே பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் எலக்ட்ரோமேக்னெட்டிக் ஃபீல்ட் என்ற முகாமுக்கு (ஈ.எம்.எஃப். என்போம்) டிக்கெட் கிடைத்தால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவேன். உங்கள் வங்கிக் கணக்கில் கை வைக்கும் ஆட்கள் கூடும் இடம் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். பழைய பிரிண்டரைப் பிரித்துப் பார்க்காமல் குப்பையில் போட மனம் வராதவர்கள் கூடும் இடம்.

இந்தப் பழக்கத்துக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. நெதர்லாந்தில் 1993ல் ஒரு முகாம் நடந்தது. அங்கே பெரும்பாலும் நான்கு வருடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தடவையும் வேறு பெயரில், இன்றுவரை தொடர்கிறது. ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் சங்கம் தன் முகாமை 1999ல் ஆரம்பித்தது. ஈ.எம்.எஃப். 2012ல் வந்தது, 2018லிருந்து ஹெரிஃபோர்ட்ஷயரில் ஈஸ்ட்நார் கோட்டையை ஒட்டிய மான் பூங்காவில் நடக்கிறது. டென்மார்க்கில் போர்ன்ஹேக் என்று வருடா வருடம் ஒன்று உண்டு.

சரி, என்ன செய்கிறார்கள்? முதலில் ஒரு ஊரைக் கட்டுகிறார்கள். ஈ.எம்.எஃப்.புக்கு இரண்டாயிரம் பேருக்கு மேல் வருவார்கள். கூடாரம் வரை மின்சாரம், கூடாரம் வரை இணையம். நடத்துபவர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். பேச வருபவரும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே வர வேண்டும்.

அந்த ஊரில் இணையக் கேபிள்களைப் பிரித்துக் கொடுக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளை எங்கே வைப்பது என்று யோசித்துப் பாருங்கள். மழை படக்கூடாது, பூட்ட முடிய வேண்டும், லாரியில் ஏற்றி இறக்க வேண்டும், நான்கே நாளுக்கு வாடகைக்கும் கிடைக்க வேண்டும். இவ்வளவுக்கும் பொருந்துகிற பெட்டி ஏற்கெனவே உலகமெங்கும் இருக்கிறது: திருவிழா மைதானங்களில் நிற்கும் பிளாஸ்டிக் மொபைல் டாய்லெட். ஜெர்மன்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், மற்ற முகாம்களுக்கும் பரவிவிட்டது. புதிதாக வந்தவர் அவசரத்துக்கு ஓடி வந்து கதவை இழுப்பார். பூட்டியிருக்கும். உள்ளே விசிறி இரையும், அடியிலிருந்து கத்தை கத்தையாகக் கேபிள் வெளியே போகும். அப்புறம்தான் புரியும். முதலில் இதை யோசித்தவர் சிரித்துக்கொண்டேதான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் பொறியியலாகப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கோமாளித்தனமும் கறாரான வேலையும் ஒரே பொருளில் இப்படி ஒட்டிக்கொண்டிருக்கும். எனக்கு இந்த முகாம்கள் பிடிப்பது அதனால்தான்.

தொலைபேசியும் அப்படித்தான். வீட்டில் தூசி படிந்து கிடக்கும் கார்ட்லெஸ் போனை எடுத்துப் போனால், முகாமுக்கென்றே நடக்கும் எக்ஸ்சேஞ்சில் நமக்குப் பிடித்த நான்கு இலக்க எண்ணைப் பதிந்துகொள்ளலாம். எல்லோர் சட்டைப்பையிலும் ஸ்மார்ட்போன் இருக்கும்போது இது எதற்கு? எதற்கும் இல்லை. எக்ஸ்சேஞ்சை நாமே நடத்தலாமே, அதற்காக. சிலர் விரல் விட்டுச் சுற்றும் பழைய போனையே தூக்கி வருவார்கள், அதற்காகப் புல்லில் செப்புக் கம்பி இழுத்துக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

2009ல் நெதர்லாந்து முகாமில் இதே விளையாட்டு ஒரு படி மேலே போனது. வந்தவர்களில் சிலர், செல்போன் கம்பெனிகள் கழித்துக்கட்டிய சீமென்ஸ் பேஸ் ஸ்டேஷன் பெட்டிகளை (செல்போனுக்கு சிக்னல் கொடுப்பவை) வைத்து, ஓப்பன்பிஎஸ்சி என்ற தங்கள் மென்பொருளால், உரிமம் வாங்கிச் சொந்தமாக ஒரு ஜி.எஸ்.எம். செல்போன் நெட்வொர்க்கை ஓட்டினார்கள். அந்த மென்பொருள் ஆஸ்மோகாம் என்று பெரிய திட்டமாக வளர்ந்தது. இதைச் சொன்னதும் "பார், கடைசியில் பயன் வந்துவிட்டதே" என்பீர்கள். அதற்காகச் சொல்லவில்லை. எதுவும் வராமல் போயிருந்தாலும் அவர்கள் அந்தப் பெட்டிகளைப் புல்வெளிக்குச் சுமந்து வந்திருப்பார்கள்.

பயன் வராமலே நெஞ்சில் நிற்பவையும் உண்டு. 2018 முகாமில் சாரா ஸ்பென்சர் என்ற ஆஸ்திரேலியப் பெண் ஒரு நட்சத்திர வரைபடத்தைத் தொங்கவிட்டார். கம்பளி நூலில் பின்னியது, 4.6 மீட்டருக்கு 2.8 மீட்டர், எடை 15 கிலோ. 1980களில் வீடுகளில் இருந்த பின்னல் இயந்திரம் ஒன்றைப் பிரித்துப் பார்த்து, கணினியிலிருந்து படம் அனுப்பினால் பிரிண்டர் மாதிரி பின்னித் தரும்படி மாற்றியிருந்தார். 88 விண்மீன் கூட்டங்களும் அதில் இருந்தன. கோள்களை மட்டும் முகாம் தொடங்கிய நாளில் அவை வானத்தில் எங்கே இருந்தனவோ அங்கேயே வைத்திருந்தார். அதன் முன்னால் நின்றவர்களில் ஒருவரும் "இதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்" என்று கேட்டு நான் கேட்கவில்லை. ஊசிகளை எந்த வரிசையில் தேர்ந்தெடுக்கிறது, நூல் அறுந்தால் எங்கிருந்து தொடரும், எல்லாம் இந்த மாதிரிக் கேள்விகள்தான்.

நம் வீடுகளில் முதலில் வந்து விழும் கேள்வி வேறு. ரேடியோவைப் பிரித்து வைத்திருக்கும் பையனைப் பார்த்து "இதனால என்ன பிரயோஜனம், போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்பார்கள். தப்பு சொல்லவில்லை. ரேடியோ ஒன்றே ஒன்று இருந்த வீட்டில் வேறென்ன சொல்வார்கள்? ஆனால் அந்தக் கேள்வியே கேட்காத நாலு நாள் எப்படி இருக்கும் என்பதை அங்கே போய்த்தான் பார்த்தேன்.

ஒரு சாயங்காலத்தைச் சொல்கிறேன். குழந்தைகளுக்கு சால்டரிங் (மின்னணு பாகங்களை ஈயம் உருக்கி ஒட்டுவது) சொல்லிக்கொடுக்கும் கூடாரத்தில் என் மகள் உட்கார்ந்தாள். ஓய்வு பெற்ற ஒரு அம்மா சொல்லிக்கொடுத்தார். மகள் எல்லோரையும் போல ஈயத்தை சால்டரிங் அயர்ன் முனையில் உருக்கி, அதைக் கொண்டுவந்து தடவப் பார்த்தாள். உருண்டையாக நின்றது, ஒட்டவில்லை. அந்த அம்மா அவள் கையைப் பிடிக்கவே இல்லை. "ஈயத்தை அயர்னுக்குக் கொடுக்காதே, காலுக்குக் கொடு" என்றார். அயர்ன் முனை பாகத்தின் காலையும் செப்பு வட்டத்தையும் ஒருசேரத் தொட வேண்டும். ஓரிரு விநாடி சூடேற விட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து ஈயத்தை வைத்தால் அது தானாக உருகி உள்ளே ஓடி, பளபளவென்று ஒட்டிக்கொள்ளும். நாலாவது காலுக்குள் அவளுக்குக் கை வந்துவிட்டது.

அவள் செய்தது 555 என்ற டைமர் சிப் வைத்த ஒரு சின்னப் பொம்மை. 1972ல் சந்தைக்கு வந்த சிப், இன்னும் ஓடுகிறது. கூடவே வெளிச்சத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு சென்சார், மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர், பொத்தான் அளவு ஸ்பீக்கர். வெளிச்சம் பட்டால் கீச்சென்று கத்தும், கையால் மறைத்தால் குரல் இறங்கும். வேறு ஒரு வேலையும் தெரியாது. வீட்டில் என்றால் அரை மணி நேரத்தில் யாராவது பேட்டரியைக் கழற்றியிருப்போம்.

அங்கே பக்கத்துக் கூடாரத்துக்காரர் எழுந்து வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "இதைவிடப் பத்து மடங்கு பெரிய கெப்பாசிட்டர் வைத்தால் என்ன ஆகும்?" என்று மகளிடம் கேட்டார். அவளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. தன் டப்பாவைத் துழாவி ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மாற்றிப் பார்த்தாள், கீச்சுக் குரல் தவளைக் குரலாகிவிட்டது. கெப்பாசிட்டர் பெரிதானால் நிரம்பிக் காலியாக அவ்வளவுக்கு அவ்வளவு நேரம் பிடிக்கும், அதனால் சுருதி இறங்குகிறது என்று அப்புறம்தான் விளக்கினார். அதற்குள் அதே பொம்மையைச் செய்த இன்னொரு பையன் வந்து சேர்ந்தான். ஒவ்வொன்றின் வெளியீட்டிலும் ஒரு எல்.இ.டி. வைத்து, ஒன்றின் விளக்கு மற்றதன் சென்சாரைப் பார்க்கும்படி எதிரெதிரே நிறுத்தினால்? நிறுத்தினார்கள். இரண்டும் ஒன்றையொன்று குழப்பி, இன்ன ஸ்வரம் என்று யாரும் சொல்ல முடியாத ஒரு சத்தம் போட்டன. சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. நான் இரண்டு தடவை கூப்பிட்டேன். மூன்றாவது தடவை கூப்பிடப் போனவன் உட்கார்ந்துவிட்டேன்.

ஹெபோகான் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014ல் ஜப்பானில் ஆரம்பித்த ரோபோ சண்டை. ரோபோ செய்யத் தெரியாதவர்களுக்கான போட்டி அது! மேடையை விட்டு விழுந்தாலோ கவிழ்ந்தாலோ தோல்வி. திறமையாகச் செய்திருந்தால் அபராதம். தொழில்நுட்பத்தில் படுமட்டமான ரோபோவுக்குத்தான் பெரிய மரியாதை. ஈ.எம்.எஃப்.பிலும் நடத்துகிறார்கள். துடைப்பத் தலையில் மோட்டார் கட்டி ஒருவர் கொண்டு வருவார், அது எதிரியை விட்டுவிட்டு நடுவரைத் துரத்தும். பகலெல்லாம் பெரிய கம்பெனியில் சிப் வடிவமைப்பவர்கள் இதற்குத் தொண்டை கிழியக் கத்துவதைப் பார்த்திருக்கிறேன்.

கழுத்தில் மாட்டும் அடையாள அட்டைகளுக்கே தனிப் பதில் எழுதலாம். அட்டை என்பது பேருக்குத்தான், ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் கணினி. ஜெர்மனி முகாமில் 2015ல் கொடுத்தது முழு ரேடியோ கருவி, 2019ல் இதயத் துடிப்பின் ஈ.சி.ஜி. எடுக்கும் கைக்கடிகாரம், 2023ல் பூ வடிவ இசைக்கருவி; இதழைத் தொட்டால் பாடும். ஈ.எம்.எஃப். 2024ல் அறுகோண அட்டை ஒன்றைக் கொடுத்தது. ஆறு பக்கமும் நாமே செய்த துணைப் பலகைகளைச் செருகலாம். அடுத்தடுத்த முகாம்களுக்கும் அதையே கொண்டு வரலாம் என்று யோசித்துச் செய்தது எனக்குப் பிடித்தது. இல்லாவிட்டால் ஒவ்வொரு முகாமுக்கும் ஒரு பலகை வீட்டு அலமாரியில் சேர்ந்துகொண்டே போகும்.

எல்லாம் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். டிக்கெட், பயணம், கூடாரம் என்று செலவு கணிசமாக ஆகும். வருபவர்களில் பெரும்பாலோர் நல்ல சம்பளக்காரர்கள். அது கண்ணுக்குத் தெரியும். மினுக்கும் எல்.இ.டி. விளக்குகள் எனக்கு அலுத்துவிட்டன, எதைச் செய்தாலும் அதில் வானவில் ஓடவிட வேண்டுமா என்ன? உரைகளையும் நான் அதிகம் கேட்பதில்லை. பெரும்பாலானவை அப்புறம் காணொளியாக வந்துவிடும். பக்கத்துக் கூடாரம் அப்படி வராது.

போக நினைத்தால் டிக்கெட் விற்பனை தொடங்கும் நாளைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், சீக்கிரம் தீர்ந்துவிடும். நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயர், நீளமான நெட்வொர்க் கேபிள், பழைய கார்ட்லெஸ் போன் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வேளை சாப்பாடு மிச்சமாக வேண்டும் என்றால் தன்னார்வ வேலைக்குப் பெயர் கொடுங்கள். அப்புறம், நீங்கள் செய்துகொண்டிருக்கும் ஏதாவது ஒன்றை முடிக்காமல் பாதியிலேயே கொண்டு போங்கள். முடித்துக் கொண்டு போனால் பார்ப்பார்கள், பாராட்டுவார்கள், நகர்ந்துவிடுவார்கள். பாதியில் இருந்தால் யாராவது வந்து உட்கார்ந்துகொள்வார்கள். ஸ்க்ரூடிரைவர் மறந்து போனால் கவலை இல்லை, அங்கே எந்தக் கூடாரத்திலும் கிடைக்கும். ரப்பர் பூட்ஸை மட்டும் மறக்க வேண்டாம், அதை யாரும் இரவல் தர மாட்டார்கள்.