ஒரே சின்னம், மூன்று இலக்கங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

கடந்த பொதுத் தேர்தலுக்கு முந்திய வாரம் எங்கள் ஒழுங்கைக்கு ஒரே கட்சியின் மூன்று வேட்பாளர்கள் வெவ்வேறு நாட்களில் வந்தார்கள். மூவரும் தந்த மாதிரி வாக்குச்சீட்டில் சின்னம் ஒன்றுதான்; இலக்கம் மட்டும் வேறு. கடைசியாக வந்தவரின் ஆட்கள், முன்னவருடைய சீட்டு எங்கள் கதவிடுக்கில் இருந்ததைக் கண்டு, அதை உருவிக்கொண்டு போனார்கள். எதிர்க்கட்சியைப் பற்றி எவரும் ஒரு சொல் பேசவில்லை. இது மனிதர்களின் தரம் தாழ்ந்ததாலா? பழைய தொகுதி முறைக்குத் திரும்பினால் தீருமா? மூன்று விருப்பு வாக்குகளையும் இடுவதா, ஒன்றுடன் நிறுத்துவதா?

ஒரு வாசகர், கொழும்பு 13

அன்புள்ள நண்பருக்கு,

சீட்டை உருவிக்கொண்டு போன அந்த ஆட்கள், தங்கள் தலைவருக்குப் போட்டி யார் என்பதைச் சரியாகவே விளங்கிக்கொண்டிருக்கிறார்கள்.

பாராளுமன்றத்தின் 225 ஆசனங்களில் 196ஐ 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்து தெரிவுசெய்கிறோம். மீதி 29 தேசியப் பட்டியலுக்கு உரியவை; அவை நாடளாவிய வாக்குகளின்படி கட்சிகளுக்குப் பகிரப்படும். கொழும்பு மாவட்டத்துக்கு 2024இல் 18 ஆசனங்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு கட்சியின் பட்டியலில் அதைவிட மூவர் கூடுதலாக, 21 பேர் இருந்தார்கள். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைச் சின்னத்துக்கு விழும் புள்ளடி தீர்மானிக்க, அந்த ஆசனங்களில் எவர் அமர்வது என்பதை, அக்கட்சி வேட்பாளர்களின் இலக்கங்களுக்கு நாம் மூன்று வரை இடக்கூடிய விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. நான்கு ஆசனங்களை எதிர்பார்க்கும் ஒரு கட்சியில் 17 பேர் வெறுங்கையுடன் வீடு திரும்ப வேண்டியிருக்கும்போது, எதிர்க்கட்சிக்காரரைத் திட்டுவதால் அவர்களில் எவருக்கும் தனிப்பட்ட இலாபம் இல்லை. அந்த வாக்கு கட்சி முழுவதற்கும் பொதுவாகப் போய்விடும். இலக்கத்துக்கு விழுவதுதான் அவருக்கே உரியது.

நம் மூன்று விருப்பு வாக்குகளுக்கும் முதலாவது, இரண்டாவது என்ற தரவரிசை கிடையாது. மூன்றும் சம எடை உடையவை. ஆகவே உங்களுக்குப் பிடித்தவருக்கு ஒன்றும் அவருடைய தோழருக்கு ஒன்றும் கொடுத்தால், தோழர் அவரை முந்துவதற்கு நீங்களே படி போட்டுக் கொடுத்தவராவீர்கள். "எனக்கு மட்டும் போடுங்கள்" என்று வாசலில் நின்று தாழ்ந்த குரலில் கேட்பதற்கும், தங்களுக்குள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து இலக்கங்களை ஒன்றாக அச்சிட்டு மற்றவர்களை ஒதுக்குவதற்கும் காரணம் இந்தக் கணக்குத்தான். வாக்குச்சீட்டில் வேட்பாளரின் பெயரும் இல்லை, முகமும் இல்லை, கட்சியின் பெயருக்கும் சின்னத்துக்கும் கீழே வெறும் இலக்கங்களே இருப்பதால், ஓர் இலக்கத்தை மட்டக்குளியிலிருந்து அவிசாவளை வரை மக்கள் மனதில் பதியவைக்கப் பணம் வேண்டும். பணம் வேண்டுமென்றால் கொடுப்பவர் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் இதற்கு ஒரு வரம்பு வைக்க முயன்றது.

இனி, தொகுதிக்குத் தொகுதி அதிக வாக்குப் பெற்றவரே வெல்லும் பழைய முறை. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைச் சற்றே தாண்டிய வாக்குகளுடன் 168 ஆசனங்களில் 140ஐ எடுத்தது. ஏறத்தாழ 30 வீத வாக்குகளைப் பெற்ற ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சிக்கு எட்டே ஆசனங்கள். 7 வீதத்துக்கும் குறைவாகப் பெற்ற தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. வடக்குக் கிழக்கில் வாக்குகள் ஒரே இடத்தில் குவிந்திருந்ததும், சுதந்திரக் கட்சியின் வாக்குகள் நாடெங்கும் தெளிக்கப்பட்டிருந்ததுமே இந்த வேறுபாட்டைச் செய்தன. அந்த முறையில் கட்சிக்குள் சண்டை இல்லை என்று சொல்வதும் முழு உண்மையல்ல. அது நியமனம் கிடைப்பதற்கு முன்பே, வாக்காளர் காணாத அறைகளில் நடந்து முடிந்துவிடும்.

நீங்களும் நானும் நின்று யோசிக்க வேண்டிய இடம் இது. கொழும்புத் தமிழர் யாழ்ப்பாணத்தைப்போலக் குவிந்து வாழ்பவர்கள் அல்லர். கொட்டாஞ்சேனையில் ஒரு பகுதி, வெள்ளவத்தையில் ஒரு பகுதி, அவிசாவளைப் பக்கத்துத் தோட்டங்களில் இன்னொரு பகுதி. மாவட்டத்தை அதன் 15 தேர்தல் தொகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் முந்துபவரே வெல்வார் என்று வைத்தால், இந்த மூன்று பகுதிகளும் ஒன்றையொன்று தொட முடியாது. மாவட்டம் ஒன்றாக இருப்பதால்தான், தூரத்தில் கிடக்கும் வாக்குகளைச் சேர்த்து ஒருவரை அனுப்பும் வாய்ப்பாவது இருக்கிறது. வேட்பாளரின் செலவை ஏற்றிவிடும் அதே பரப்புத்தான் சிதறிய சிறுபான்மைக்குக் கைகொடுக்கிறது. ஒன்றை வெட்டினால் மற்றதும் போகும்.

2018ஆம் ஆண்டு உள்ளூராட்சித் தேர்தலில் 60 வீதம் வட்டாரம், 40 வீதம் பட்டியல் என்ற கலப்பு முறை வந்தது. விருப்பு வாக்கு ஒழிந்தது. உறுப்பினர் தொகையோ நாடளாவிய ரீதியில் 8,000ஐத் தாண்டியது, பல சபைகளில் எவருக்கும் பெரும்பான்மை அமையவில்லை. ஒரு நோய்க்கு மருந்து எடுத்து இன்னொன்றை வாங்கிய கதை.

முறை எல்லாவற்றையும் தீர்மானித்துவிடுகிறது என்றும் நான் சொல்ல வரவில்லை. 2024இல் தேசிய மக்கள் சக்தி இதே சட்டத்தின் கீழ்த்தான் கொழும்பில் 18இல் 14 ஆசனங்களை வென்றது. அதன் பட்டியலில் ஹரிணி அமரசூரிய மட்டும் 655,289 விருப்பு வாக்குகளைப் பெற்றார். அங்கே இலக்கச் சண்டை பெரிதாக வெளியே தெரியவில்லை. கட்சிக் கட்டுப்பாடு ஒரு காரணம். 21 பேரில் பெரும்பாலானோர் வெல்லக்கூடிய அலை வீசியது மற்றொரு காரணம் என்பது என் ஊகம். ஆசனம் அருகும் பட்டியலில்தான் கதவிடுக்கைத் தேடுகிறார்கள்.

என்னைக் கேட்டால், வாக்கு வீதத்துக்கு ஏற்ப ஆசனம் தரும் விகிதாசாரத்தைக் காப்பாற்ற விருப்பு வாக்கின் அசிங்கத்தைச் சகித்துக்கொள்வேன். கட்சித் தலைமை வரிசைப்படுத்தித் தரும் மூடிய பட்டியல் இதைவிடச் சுத்தமாகத் தெரியும். ஆனால் உங்கள் ஒழுங்கைக்கு எவரும் வரமாட்டார்கள், தலைமையின் வீட்டு வாசலில்தான் நிற்பார்கள்.

உங்கள் கடைசிக் கேள்விக்கு: ஒருவர் உள்ளே போக வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தால் ஒன்றுடன் நிறுத்துங்கள், மூவரும் உங்களுக்குச் சமம் என்றால் மூன்றையும் இடுங்கள். எப்படியானாலும் முதலில் சின்னத்துக்கு எதிரே புள்ளடி இட மறந்துவிடாதீர்கள். அது இல்லாமல் இலக்கங்களை மட்டும் அடையாளமிட்டால் அந்த விருப்பு வாக்குகள் எண்ணப்பட மாட்டா.