துண்டு பறக்கும் திசை

வணக்கம் ஐயா,

ஊத்துக்குளிக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருக்கிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர் வேலை. வயது 29. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். அப்பா இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. இருந்தும் இரண்டு எருமைகளை விற்க மறுக்கிறார். என்னுடன் படித்த நான்கு பேர் சென்ற மாதம் பைக்கில் லடாக் போய்வந்தார்கள். அவர்கள் அனுப்பிய படங்களைப் பார்த்ததிலிருந்து எனக்கு எதிலும் மனம் ஒட்டவில்லை. எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை ஐயா. வறண்ட காடு, தறிச் சத்தம், ஓயாத காற்று, அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டு ஆறு மாதம் எங்காவது போய்வரலாமா? எந்த பைக் வாங்கலாம்? அம்மாவை விட்டுவிட்டுப் போவது தவறா? சாகசமெல்லாம் என்னைப் போன்றவர்களுக்கு இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் நான் பிறந்த தோட்டத்துப் பக்கம் போய்விட்டு, அங்கே கண்டதை மறக்க முடியாமல் திரும்பியிருந்தேன். அந்த மனநிலையில் ‘எங்கள் ஊரில் ஒன்றுமே இல்லை’ என்ற உங்கள் வரியைப் படித்தபோது முதலில் கோபம் வந்தது. இரண்டாம் முறை படித்தபோது, இரவு ஒன்பது மணிக்கு இருட்டில் வீடு திரும்பும் ஒருவருக்கு ஊரில் என்னதான் தெரியும் என்று தோன்றியது. இரண்டையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வேலையை விடலாமா என்பதை உங்கள் வீட்டு வரவு செலவு தெரிந்தவர்களிடம் கேளுங்கள். பைக்கைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது. லடாக் போய்வந்த உங்கள் நண்பர்களிடம் ஒரு குறையும் காண மாட்டேன். அந்த மலைகளைக் காணக் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆனால் ‘ஒன்றுமே இல்லை’ என்ற சொல்லை மட்டும் விட முடியாது. உங்கள் ஊருக்குத் தென்கிழக்கே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளிலேயே போய்வரக்கூடிய தொலைவில், நொய்யலின் வடகரையில் கொடுமணல் இருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகளும், மணி செய்த பட்டறைகளும், தமிழ்பிராமியில் பெயர் பொறித்த பானை ஓடுகளும், பெருங்கற்கால ஈமக்குழிகளும் அந்த மண்ணிலிருந்து எடுக்கப்பட்டிருக்கின்றன. பதிற்றுப்பத்தில் ‘கொடுமணம்’ என்று வரும் ஊர் அதுதான் என்பது ஆய்வாளர் துணிபு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேலைக் கடற்கரையிலிருந்து கருவூர் நோக்கி வந்த வணிகர்கள் நடந்த தடம் அது. கடல் கடந்து ஆட்கள் தேடிவந்த மண்ணில் பிறந்து 29 வயது வரை அங்கேயே இருந்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எழுத உங்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். நீங்கள் ஒரு முறையாவது அங்கே போயிருந்தால் கடிதத்தில் அந்தப் பெயர் வந்திருக்கும்.

ஆயினும் நான் உங்களை அனுப்ப நினைக்கும் இடம் கொடுமணல் அல்ல. அதைவிடப் பக்கத்தில், உங்கள் எருமைகள் மேயப் போகும் வழியில் இருக்கிறது. உங்கள் ஊரில் இன்னும் ஓர் இட்டேரியாவது மிஞ்சியிருக்கும் என்று நம்புகிறேன்.

கொங்கு நாட்டுக்கு வெளியே இருந்து படிப்பவர்களுக்காகச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் தோட்டத்து உயிர்வேலிகள் ஆளுயரத்துக்கு மேல் எழுந்து நிற்க, நடுவே ஒரு மாட்டு வண்டி போகும் அளவுக்கு மட்டும் விட்ட மண் தடமே இட்டேரி. வேலியின் முதுகெலும்பு முள்கிளுவை. மழைக்கு முன் போத்து வெட்டி நட்டுவிட்டால் பிறகு யாரும் தண்ணீர் விடத் தேவையில்லை. கோடையில் இலையை உதிர்த்துவிட்டுச் செத்ததுபோல நிற்கும், ஒரு மழை விழுந்ததும் பச்சைப் பிடிக்கும். அதன் இலையைக் கசக்கினால் வரும் வாசனையைப் பிசின் வாசனை என்று மட்டுமே எனக்குச் சொல்லத் தெரிந்திருந்தது. குக்குலு என்ற மருந்துப் பிசின் தரும் செடியும், அரபு நாட்டு வெள்ளைப்போளம் என்ற வாசனைப் பிசின் தரும் மரமும் நம் கிளுவையின் பங்காளிகள், மூன்றும் ஒரே பேரினம் என்று பிற்பாடு படித்தபோதுதான் அந்த வாசனையின் குலம் புரிந்தது. கிளுவையின் மேல் கோவைக்கொடியும் பிரண்டையும் வேலிப்பருத்தியும் முடக்கத்தானும் ஏறும். அடியில் சங்கஞ்செடியும் சூரையும் அடர்ந்து நிற்கும். அதற்குள் கீரியும் உடும்பும் காடையும் செம்போத்தும் குடித்தனம் நடத்தும். முதல் மழைக்கு மறுநாள் தடத்து மண்ணில், பட்டுத்துணி போர்த்தியதுபோன்ற மேனியுள்ள, நாங்கள் பட்டுப்பூச்சி என்று சொல்லும் சிறு பூச்சி சிவப்பாக ஊர்ந்து வரும். வேலியின் அந்தப் பக்கம் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம் விரிந்து கிடக்கும்.

எனக்கு 11 வயதிருக்கும்போது என் அப்பாருக்கு, அதாவது தாத்தாவுக்கு, கண்புரை முற்றி இரண்டு கண்ணும் ஏறக்குறைய இருண்டுவிட்டன. அவர் என் தோளில் கை வைத்து நடப்பார். நான்தான் அவருக்குக் கண் என்று எனக்குப் பெரிய பெருமை. ஓர் ஆடி மாதம், தெற்கே நான்கு மைல் தொலைவிலிருந்த அத்தை வீட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். பொழுது சாய்ந்துவிட்டது. மூன்று இட்டேரிகள் கூடும் ஓர் இடத்தில் அவரிடம் கேட்காமலேயே நான் ஒரு தடத்தில் திரும்பினேன். வெகுநேரம் நடந்தபின் அப்பாரு நின்றார்.

“ஏங் கண்ணு, இந்நேரம் ஆட்டுப்பட்டி வாசம் வந்திருக்கோணுமே?”

எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. இரண்டு பக்கமும் வேலி கறுத்து நின்றது. எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒன்றுபோல் இருந்தது. வழி தெரியவில்லை என்று சொல்லி அழுதேன். அவர் அதட்டவில்லை. “தப்புனா என்ன? பூமி எங்கீம் போயிராது” என்று சொல்லிவிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கைத்தடியின் நுனியில் முடிந்து, வேலிக்கு மேலே தூக்கிப் பிடிக்கச் சொன்னார். வேலிகளுக்கு நடுவே நிற்கும்போது காற்று நம்மீது படுவதில்லை. அது தலைக்கு மேலே போய்க்கொண்டிருக்கிறது.

“துண்டு எந்தப் பக்கம் பறக்குது?”

“எனக்கு நேரா முன்னாலீங்க.”

“அப்ப நாம கெழக்க போயிட்டிருக்கறோம். ஆடிக்காத்து மேக்கால இருந்துதான் வரும். துண்டு உன்ற சோத்துக்கைப் பக்கம் பறக்கோணும். அப்பத்தான் ஊடு.”

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறித்துவிட, 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமுள்ள பாலக்காட்டுக் கணவாய் காற்றுக்கு மட்டும் வாசலைத் திறந்துவைக்கிறது. அதனால்தான் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும் ஆனியிலும் ஆடியிலும் நமக்குக் காற்றே பெரும்பங்காக வந்து சேர்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுற்றுவது அதே காற்றில்தான். இதெல்லாம் நான் பள்ளியில் படித்தவை. கண் தெரியாத கிழவர் அந்தக் காற்றை ஒரு துண்டில் பிடித்துத் திசை அறிந்தார். கூடுமிடத்துக்குத் திரும்பிவந்து, ஒவ்வொரு வளைவிலும் துண்டைத் தூக்கிப் பார்த்து நடந்தோம். இருட்டு முழுதாக இறங்கிய பிறகு வேலியிலிருந்து ஓர் இலை பறித்துத் தரச் சொன்னார், கசக்கி முகர்ந்துவிட்டு, “இது நொச்சி. அடுத்த வளைவுக்கு அந்தண்ட நம்ம வேலி” என்றார். அடுத்த வளைவில் நான் பறித்த இலையில் கிளுவை மணந்தது. பட்டியின் வாசம் அதற்கும் முன்னரே வந்துவிட்டது.

தம்பி, நான் பிற்பாடு இமயமலை வரை போயிருக்கிறேன். பனி மூடிய கணவாய்களில் நின்றிருக்கிறேன். அந்த அழகை மறுக்க மாட்டேன். ஆனால் அங்கே ஓட்டுநருக்கு வழி தெரிந்திருந்தது, விடுதியில் அறை காத்திருந்தது, எந்த இடத்தில் நின்று படம் எடுக்க வேண்டும் என்பதுகூட முன்பே முடிவாகியிருந்தது. நான் தவறு செய்வதற்கு அங்கே இடமே இருக்கவில்லை. இட்டேரியில் அழுதுகொண்டு நின்ற அந்தக் கணத்தில் உடம்பு முழுவதும் விழித்திருந்ததே, அந்த விழிப்பு எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. தப்புவதும், தப்பியதைத் தன் மூக்கையும் தோலையும் கொண்டே சரிசெய்துகொள்வதும் சேர்ந்ததைத்தான் நான் சாகசம் என்பேன். அதற்குத் தேவை தொலைவு என்று நினைக்கிறீர்கள். தேவை அறியாமையும், அதை ஒப்புக்கொள்ளும் பணிவும்தான். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிலோமீட்டரைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. அந்த அறியாமை உங்கள் கையிருப்பு. அதை ‘ஒன்றுமே இல்லை’ என்று சொல்லித் தூக்கி எறியாதீர்கள் என்றுதான் இத்தனை கடுமையாக எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் தோட்டத்துப் பக்கம் நான் கண்டது இதுதான். அப்பாருவும் நானும் வழி தவறிய அந்தத் தடத்தில் முக்கால் கிலோமீட்டர்தான் மிச்சம் இருக்கிறது. மற்றதை ஜேசிபி ஒரு பகல் பொழுதில் வழித்து எடுத்துவிட்டதாக அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார். கிளுவை நின்ற இடத்தில் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். அதற்கப்பால் மனைக்கற்கள் வெள்ளை அடித்து நிற்கின்றன. தோட்டக்காரர்களைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. வேலி இரண்டு பக்கமும் நிலத்தைத் தின்கிறது, அதன் நிழலில் பயிர் எழும்பாது, முள் கழிக்க ஆள் கிடைப்பதில்லை. ஆயிரம் அடி ஆழ்குழாய்க் கிணற்றுக்குக் கடன் வாங்கியவர் ஓர் அடி நிலத்தையும் கணக்குப் பார்க்கத்தான் செய்வார். எல்லாம் தெரிந்தும், அந்தக் கம்பியின் ஓரத்தில் நின்றபோது எனக்கு ஒன்றைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த வெளியில் இனி ஒரு குழந்தையால் வழி தவற முடியாது. நான்கு பக்கமும் எல்லாம் தெரிகிறது. துண்டைத் தூக்கிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்களைக் கட்டிப்போட்டிருக்கும் கயிறு அவர் என்ற எண்ணம் கடிதம் முழுவதும் இருக்கிறது. அதைச் சொல்ல நீங்கள் பட்ட வருத்தமும் தெரிகிறது. முழங்கால் வலியோடு இரண்டு எருமைகளை வைத்திருக்கும் ஒருவர் எத்தனை ஆண்டுகள் அந்தத் தடங்களில் அவற்றை ஓட்டிக்கொண்டு நடந்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? எந்த வேலியில் தூதுவளை கிடைக்கும், எந்த வளைவில் பாம்பு படுத்திருக்கும், எந்தத் தடம் யாருடைய காட்டில் போய் முட்டி நின்றுவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லாமல் இருக்கிறார். நீங்கள் தேடும் வழிகாட்டி திண்ணையில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார், நீங்களோ அவரை விட்டுப் போவது தவறா என்று என்னைக் கேட்கிறீர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வெளுக்கும் முன் கிளம்புங்கள். எந்தத் தடத்தில் போகிறீர்கள் என்பதை மட்டும் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அது எங்கே முடிகிறது என்று கேட்காமல் போங்கள். கைப்பேசியைக் கொண்டுபோகலாம், அணைத்துவையுங்கள். வேலி அடியில் கண்ணாடி விரியன் இருக்கும். செருப்பு போதாது, மூடிய காலணி போட்டுக்கொள்ளுங்கள். கையில் டார்ச்சும் ஒரு தடியும் இருக்கட்டும். பெயர் தெரியாத இலை எது கண்ணில் பட்டாலும் ஒரு கொத்து பறித்துவந்து அம்மாவிடம் கொடுத்துப் பெயர் கேளுங்கள்; அவர் முதலில் கசக்கி முகர்ந்து பார்ப்பார், அந்த முகத்தைக் கவனியுங்கள். வழி தவறினால் உடனே திரும்பிவிடாதீர்கள். இது ஆடி மாதம். ஒரு துண்டு எடுத்துப் போங்கள்.