வழிகாட்டியைப் பார்க்கப் போகும் முன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். நாம் போக நினைக்கும் துறையில் இருக்கும் ஒருவரைச் சந்திக்க வாய்ப்பு வந்திருக்கிறது, என்ன கேட்பது? நம் ராமநாதபுரக் கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். என்ன படித்திருக்கிறீர்கள் என்றுகூடச் சொல்லாத கடிதங்களுக்குப் பதில் சொல்ல வழியில்லை. அவர்கள் மறுபடி எழுதட்டும்.

மாமாவின் நண்பர் கப்பலில் செகண்ட் ஆபீசர். லீவில் வந்திருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறேன். மெர்சன்ட் நேவியில் சேர என்ன தகுதி என்று கேட்கலாமா? (பாம்பன், பிளஸ் டூ முடித்தவர்)

வேண்டாம் தம்பி. அறிவிக்கையில் இருப்பதை ஆளிடம் கேட்காதீர்கள். டெக் ஆபீசர், அதாவது கப்பலைச் செலுத்தும் பிரிவின் அதிகாரி, ஆக பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சராசரியாக 60 விழுக்காடு, ஆங்கிலத்தில் 50 வேண்டும். அப்புறம் இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வு. டி.என்.எஸ். என்ற கப்பல் இயக்கப் பட்டயப் படிப்பு ஓராண்டு, அதன் பிறகு கப்பலில் ஒன்றரை ஆண்டு பயிற்சி. ஜி.பி. ரேட்டிங், அதாவது அதிகாரிக்குக் கீழே உள்ள கப்பல் ஊழியர் வேலைக்குப் பத்தாம் வகுப்பு போதும், ஆறு மாதப் படிப்பு. சனிக்கிழமை இரவுக்குள் இதையெல்லாம் இணையத்தில் பார்த்து ஒரு தாளில் எழுதிவிடலாம். கண் பரிசோதனையையும் முடித்துவிட்டுப் போங்கள். நிறம் பிரித்தறிவதில் குறை இருந்தால் டெக் பக்கம் போக முடியாது. அது தெரியாமல் ஒரு மணி நேரம் பேசினால் இருவருக்கும் நேரம்தான் வீண்.

அவரிடம் மட்டுமே கிடைக்கும் பதில்கள் வேறு. படித்து முடித்துவிட்டு முதல் கப்பல் ஏற எத்தனை மாதம் காத்திருந்தார்? கூடப் படித்தவர்களில் இன்னும் கப்பல் கிடைக்காதவர்கள் உண்டா, காரணம் என்ன? ஒப்பந்தம் முடிந்து வீட்டில் இருக்கும் மாதங்களில் சம்பளம் வருமா? கடைசிக் கேள்வியை யாருமே கேட்பதில்லை. குடும்பம் நடத்துவதற்கு அதுதான் முக்கியம்.

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-இல் தேறிய அண்ணனிடம் எந்தப் புத்தகம் படிக்கலாம் என்று கேட்கலாமா? (சாயல்குடி)

பாடத்திட்டம் ஆணையத்தின் தளத்தில் இருக்கிறது, பள்ளிப் பாடநூல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. முதல் முயற்சியில் எங்கே மதிப்பெண் போனது, இரண்டாவது முயற்சியில் எதை மாற்றினார் என்று கேளுங்கள். கட்டாயத் தமிழ்த் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் மற்ற தாள் திருத்தப்படாது என்பதையாவது தெரிந்துகொண்டு போங்கள்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி ஒருவர் என்னைச் சந்திக்க நேரம் தந்திருக்கிறார். பி.எஸ்சி. விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எப்படித் தயாராவது? (மண்டபம், மாணவி)

நல்ல வாய்ப்பு அம்மா. 1947-இல் தொடங்கிய அந்த நிலையத்தின் தலைமையகம் முன்பு உங்கள் மண்டபத்தில்தான் இருந்தது. 1971-இல் அது கொச்சிக்குப் போனது, இங்கே மண்டல மையமாக நடக்கிறது. கடல் விரால் (கோபியா) மீன் குஞ்சு உற்பத்தியில் நாட்டிலேயே முதல் வெற்றி 2010-இல் இந்த மையத்தில்தான் கிடைத்தது. உள்ளூர்ப் பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அவர் பெயரை நிலையத்தின் மின்-களஞ்சியத்தில் தேடுங்கள். கட்டுரைகளைக் காசில்லாமல் இறக்கலாம். இரண்டு கட்டுரைகளின் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படியுங்கள், நடுவில் உள்ள புள்ளியியல் இப்போது புரியாவிட்டால் பரவாயில்லை. புரியாத ஒரு வாக்கியத்தை அப்படியே எழுதிக்கொண்டு போய் அவர் முன் வையுங்கள். "இங்கே என்ன ஆராய்ச்சி செய்கிறீர்கள்?" என்று கேட்பவருக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் அப்போதே பார்த்துவிடுவார்.

இன்னொரு கேள்வியும் எடுத்துப் போங்கள். திட்டப் பணிகளில் தற்காலிகமாகச் சேர்ந்த முதுகலைப் பட்டதாரிகள் அந்தத் திட்டம் முடிந்த பிறகு எங்கே போனார்கள்? மீன்வள அறிவியல் படித்தவருக்குத் திறக்கும் கதவு எல்லாமே விலங்கியல் படித்தவருக்குத் திறப்பதில்லை. எது திறக்கும், எது திறக்காது என்று உள்ளே இருப்பவருக்கே தெரியும்.

பெரிய பதவியில் இருக்கும் நம்மூர்க்காரர்கள் நான்கு பேருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். ஒருவரும் பதில் போடவில்லை. மேலே போனதும் ஊரை மறந்துவிடுகிறார்களே, ஏன்? (தொண்டி, பி.இ. மெக்கானிக்கல்)

அனுப்பிய செய்தியையும் கடிதத்தோடு வைத்திருந்தீர்கள், நல்லது. "ஹாய் சார், பி.இ. மெக் முடிக்கப் போறேன். கைடன்ஸ் வேணும். ஃப்ரீயா இருந்தா கால் பண்ணுங்க." நான்கு பேருக்கும் இதே வரி, இரவு பதினொன்றரைக்கு.

ஊரை மறந்துவிட்டார்கள் என்ற பேச்சை எழுத்தில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஊரை யாரும் மறக்கவில்லை. துபாயிலும் சிங்கப்பூரிலும் சென்னையிலும் இருக்கும் நம் கரையோரத்து ஆட்களுக்கு இதே மாதிரிச் செய்திகள் மாதம் பத்தாவது வருகின்றன. "கைடன்ஸ் வேணும்" என்றால் அவர் என்ன செய்வார்? நீங்கள் யார், எதில் ஆர்வம், எவ்வளவு தூரம் தேடினீர்கள், எந்த இடத்தில் முட்டி நிற்கிறீர்கள் என்று எல்லாவற்றையும் அவரே கேட்டுக் கேட்டு எடுக்க வேண்டும். உங்கள் வேலை முழுவதையும் அவர் தலையில் வைத்துவிட்டு, போன் செய்யும் செலவையும் அவருக்கே விட்டிருக்கிறீர்கள். வேலை முடிந்து களைத்துப் போய் வருபவர் நாளை பார்க்கலாம் என்று தள்ளிவைப்பார், அப்புறம் மறந்தே போவார். இதில் மறதி ஊரைப் பற்றியது இல்லை.

அந்த நான்கு பேரும் என்ன வேலை செய்கிறார்கள் என்றாவது பார்த்தீர்களா? ஒருவர் குளிர்சாதனத் துறை, ஒருவர் வங்கி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வங்கிக்காரரிடம் மெக்கானிக்கல் பற்றி எதைக் கேட்கப் போகிறீர்கள்? அவரை விடுங்கள். குளிர்சாதனத்தில் இருப்பவருக்கு இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் ஐயா. நான் தொண்டி. பி.இ. மெக்கானிக்கல் இந்த ஆண்டு முடிக்கிறேன். உங்கள் எண்ணை உங்கள் தம்பி தந்தார். ஐஸ் பிளாண்ட் பராமரிப்பு, மீன் பதப்படுத்தும் ஆலையின் குளிர் கிடங்கு என்று இரண்டு இடங்களில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். சம்பளம் ஏறத்தாழ ஒன்றுதான். ஐந்து ஆண்டு கழித்து வெளிநாடு போக எந்த அனுபவம் உதவும் என்பதில் குழப்பம். அடுத்த வாரம் உங்களுக்குத் தோதான ஒரு மாலையில் 20 நிமிடம் பேச முடியுமா? நானே அழைக்கிறேன்."

யார், எந்த ஊர், எண் யார் தந்தது, என்ன குழப்பம், எவ்வளவு நேரம் என்று எல்லாம் இதில் இருக்கிறது. இரண்டில் ஒன்றைச் சொல்வது எவருக்கும் சுலபம். "நான் என்ன செய்யலாம்?" என்பதற்குக் கடவுளிடம்தான் பதில் கேட்க வேண்டும். பத்து நாள் பொறுத்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் வேறு ஆளைப் பாருங்கள், அவரைப் பற்றி ஊரில் பேசாதீர்கள்.

எங்கள் தெருக் காக்கா (அண்ணன்) ஒருவர் துபாயிலிருந்து வந்திருக்கிறார். மகளுக்குப் படிப்பு பற்றிக் கேட்க நானும் கூடப் போகலாமா? (கீழக்கரை, தாயார்)

தாராளமாகப் போங்கள். ஆனால் கேள்வி கேட்பது மகளாக இருக்கட்டும். வீட்டின் நிபந்தனைகளை, அதாவது எவ்வளவு தூரம் அனுப்புவீர்கள், விடுதிக்குச் சம்மதமா என்பதை, போவதற்கு முந்தைய நாளே மகளிடம் பேசி முடித்துவிடுங்கள். அவர் வீட்டில் வைத்து அந்த வாக்குவாதம் வேண்டாம்.

ராக்கெட் விஞ்ஞானி ஆக வேண்டும். இஸ்ரோவில் இருப்பவர் எங்கள் பள்ளிக்கு வருகிறார். என்ன கேட்பது? (ராமேஸ்வரம், பிளஸ் ஒன்)

முதலில் அவர் எந்த மையம் என்று ஆசிரியரிடம் விசாரியுங்கள். ராக்கெட் வடிவமைப்பு திருவனந்தபுரத்தில், செயற்கைக்கோள் பெங்களூரில், என்ஜின் சோதனை நம் பக்கத்து மகேந்திரகிரியில். ஆளைப் பொறுத்துக் கேள்வியும் மாறும். உங்கள் ஊர் கலாம் அவர்கள் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து, பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் வானூர்திப் பொறியியல் படித்தவர். இன்று உங்களுக்கு முன்னால் இரண்டு பாதைகள் உண்டு. திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளித் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதிச் சேரலாம், அல்லது வேறு பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு இஸ்ரோ ஆள்சேர்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். இந்த இரண்டையும் பற்றிப் படித்துவிட்டு, அவர் எந்த வழியாக உள்ளே போனார் என்று கேளுங்கள். "விண்வெளிக்குப் போனீர்களா?" என்ற கேள்வி வேண்டாம்.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். வீட்டு நிலைமையை வழிகாட்டியிடம் சொல்வது சரியா? (தங்கச்சிமடம், பிளஸ் டூ மாணவி, அரசுப் பள்ளி)

சொல்லத்தான் வேண்டும் அம்மா, அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் கணக்காகச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், இரண்டு மாதம் படகு போகாது, கல்லூரிக் கட்டணம் கேட்கும் நேரமும் அதுதான் என்று சொன்னால் கடற்கரை தெரியாதவருக்கும் விளங்கும். ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று அப்பாவிடம் கேட்டு ஒரு தொகையை எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தொகை இல்லாமல் அவர் சொல்லும் யோசனை உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

போகும் முன் இரண்டைப் பள்ளியில் விசாரியுங்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, மீன்வளம், சட்டம் போன்ற தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு உண்டு, அதில் இடம் கிடைத்தால் கட்டணத்தை அரசு ஏற்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். வெளியூர் வழிகாட்டிக்கு இவை தெரியாமல் இருக்கலாம், நீங்களே சொல்லிவிடுங்கள். நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பட்டியலையும் ஒருமுறை பாருங்கள்.

வளைகுடாவில் மேனேஜராக இருப்பவர் வழிகாட்டுவதாகச் சொல்கிறார். பதிவுக்கு 15,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? (தேவிபட்டினம்)

கூடாது. பணம் கேட்பவர் வழிகாட்டி இல்லை, இதை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதுவேன். ஆள் அனுப்பும் முகவர் என்றால் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்க வேண்டும், அவரும் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம், ரசீதோடு. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனம் வேலைக்காக ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாம்பன் தம்பியும் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

எத்தனை கேள்வி கேட்கலாம்? (ராமநாதபுரம், பி.காம்.)

அரை மணி நேரத்துக்கு மூன்று. ஐந்து எழுதிக்கொண்டு போங்கள், பேச்சிலேயே இரண்டுக்குப் பதில் வந்துவிடும்.

போகும்போது கையில் ஏதாவது கொண்டு போக வேண்டுமா? (பெரியபட்டினம்)

நோட்டும் பேனாவும்.

அவர் பேசுவதைப் போனில் பதிவு செய்யலாமா? (வாலிநோக்கம்)

கேட்டுவிட்டுச் செய்யுங்கள், மறுத்தால் வற்புறுத்த வேண்டாம். சம்பளம், கம்பெனி பற்றிய விவரம் வந்தால் நீங்களாகவே பதிவை நிறுத்திவிடுங்கள். அன்றிரவே அவர் சொன்னதில் நீங்கள் செய்யப் போவது எது என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள், செய்து முடித்ததும் இன்னொரு வரி. பதிவை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள், நண்பர் குழுவுக்கும்தான்.