பிடித்த பணம் ஒன்று, பில் தொகை வேறு: ஆன்லைன் கடைக்காரர்களுக்கும் வாங்குபவர்களுக்கும் கேள்வி பதில்

ஈரோடு, திருப்பூர் பக்கம் சிறு ஆன்லைன் கடைகளுக்குக் கணக்கும் ஜிஎஸ்டி ரிட்டனும் பார்த்துத் தருவது என் வேலை. வாங்கியவரிடம் பிடித்த பணமும் பில் தொகையும் ஒத்துப்போகாதது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது மூன்று தொகைகள்தான்: ஆர்டரில் வாங்கியவர் ஒப்புக்கொண்டது, பில்லில் இருப்பது, கேட்வேயில் (ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் சேவை) பிடித்தது. இந்த மூன்றையும் பார்க்காமல், பேங்க் ஸ்டேட்மெண்டுக்குப் பொருந்துகிற மாதிரி பில்லை வளைக்க ஆரம்பித்தால் கணக்கு அங்கேயே கோணிவிடும்.

கேள்வி (கோவை, மொபைல் சார்ஜர் விற்பவர்): மேடம், சார்ஜர் விலை வரி சேர்த்து 999. பணம் சரியா 999 வருது. பில்லில் 998.99 காட்டுது. ஒரே ஆர்டர்ல மூணு எடுத்தா 2,997 வரணும், பில் 2,996.97. டேலி கணக்கு சாஃப்ட்வேர்ல தினமும் பைசா பைசாவா நிக்குது.

பதில்: வரி 18% என்பதால் 999ஐ 1.18ஆல் வகுத்துப் பாருங்கள், 846.61. அதற்கு 9 சதவீதம் 76.1949. பில்லில் இரண்டு தசமம்தான் என்பதால் 76.19. இது மத்திய வரியான சிஜிஎஸ்டிக்கு ஒரு தடவை, மாநில வரியான எஸ்ஜிஎஸ்டிக்கு ஒரு தடவை. மூன்றையும் கூட்டினால் 998.99. ஒரு பைசா குறைகிறது. மூன்று சார்ஜருக்கும் தனித்தனியாக வரி போட்டு ரவுண்ட் செய்வதால் உங்களுக்கு மூன்று பைசா போகிறது. மொத்தத்துக்கு ஒரே தடவை போட்டால் 2,539.83, அதற்கு வரி 228.58 இரண்டு தடவை, ஆக 2,996.99. ஒரு பைசாதான் உதைக்கும்.

கடை சாஃப்ட்வேராக வூகாமர்ஸ் வைத்திருந்தால், வரி செட்டிங்கில் பொருள் பொருளாக இல்லாமல் சப்டோட்டல் அளவில் ரவுண்ட் செய்யச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது, அதைப் போடுங்கள். மிச்சப் பைசாவை பில்லின் அடியில் ‘ரவுண்ட் ஆஃப்’ என்று தனியாகக் காட்டுங்கள், டேலியிலும் அதே பெயரில் ஒரு லெட்ஜர். மாதக் கடைசியில் அந்த லெட்ஜரை ஒரு பார்வை பாருங்கள். சில ரூபாய் இருந்தால் சரி. நூற்றுக்கணக்கில் நின்றால் அது ரவுண்டிங் இல்லை. ஏதோ ஒரு கூப்பன் பில்லுக்கு வராமல் அங்கே போய் ஒளிந்திருக்கிறது.

கேள்வி (திருப்பூர், சுடிதார் செட்): அக்கா, 2025 செப்டம்பர் 20ஆம் தேதி ஒரு ஆர்டர். வரிக்கு முந்தின விலை 1,500, அன்னைக்கு 12% வரி, 1,680 பணம் வாங்கியாச்சு. சரக்கு 24ஆம் தேதிதான் கிளம்புச்சு, பில்லும் அன்னைக்குத்தான். சாஃப்ட்வேர் 5% போட்டு 1,575னு பில் அடிச்சிடுச்சு. மீதி 105 ரூபாயை ஆடிட்டர் என்னன்னு கேக்கறார். பணம் வாங்கின நாள்ல 12% தானே?

பதில்: உங்கள் சாஃப்ட்வேர் போட்டதுதான் சரி. செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையுள்ள ஆயத்த ஆடைகளுக்கு 5%. சட்டம் மூன்று விஷயங்களைப் பார்க்கிறது: சரக்கு எப்போது போனது, பில் எப்போது போட்டது, பணம் எப்போது வந்தது. இதில் எந்த இரண்டு மாற்றத்துக்குப் பின்னால் நடந்ததோ, அப்போது புது விகிதம். உங்களுக்குச் சரக்கும் பில்லும் 24ஆம் தேதி. பணம் முன்னாலேயே வந்தது இங்கே எடுபடாது.

ஆகவே அந்த 105 வாங்கியவருடைய பணம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துத் தரும் சீட்டு) வேண்டாம், பில் சரியாகத்தானே இருக்கிறது. பில் தப்பாக இருந்தால்தான் கிரெடிட் நோட், பணம் கூடுதலாக வாங்கியிருந்தால் வெறும் ரீஃபண்ட். பல பேர் இங்கேதான் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய பேமெண்ட் என்று கேட்வே ரீஃபண்டை ஏற்காவிட்டால், வாங்கியவரிடம் யுபிஐ ஐடி கேட்டு அனுப்பி, ஆர்டர் எண்ணைக் குறிப்பில் எழுதுங்கள். லாபக் கணக்கில் மட்டும் தள்ளிவிடாதீர்கள். வரி என்று சொல்லி வாங்கியதை நாம் வைத்துக்கொள்ள முடியாது.

கேள்வி (சேலம்): 1,200க்கு ஆர்டர், பணமும் 1,200. பில் போடற பையன் டெலிவரி 60ஐ ரெண்டு தடவை சேர்த்து 1,260க்கு பில் அடிச்சுப் பார்சல்ல வச்சு அனுப்பிட்டான். பழைய பில்லை டெலீட் பண்ணிட்டு அதே நம்பர்ல புதுசு போட்டுடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். அந்தத் தாள் வாங்கியவர் கையில் இருக்கிறது. ஒரே எண்ணில் இரண்டு பில் சுற்றினால் நாளைக்கு விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான், பையன் இல்லை. 60 ரூபாய்க்கு, அதற்குள் இருக்கும் வரியோடு, கிரெடிட் நோட் போடுங்கள். பழைய பில்லின் எண்ணும் தேதியும் அதில் இருக்கட்டும், வாங்கியவருக்கும் மெயிலில் அனுப்புங்கள். நீங்களே பொருளோடு சேர்த்து வாங்கும் டெலிவரிக்கும் பொருளுக்குள்ள வரி விகிதம்தான் என்பதை அந்தப் பையனிடம் சொல்லி வையுங்கள். கிரெடிட் நோட்டை ரிட்டனில் காட்ட, அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை அவகாசம். ஆண்டு ரிட்டனை அதற்கு முன்பே போட்டுவிட்டால் அன்றோடு அவகாசம் முடிந்தது.

கேள்வி (மதுரை): 1,000 ரூபாய் ஆர்டருக்கு பேங்க்ல 976.40 தான் விழுது. பில்லை 976.40க்குப் போடணுமா?

பதில்: 1,000க்குத்தான். கேட்வே கமிஷன் 2% என்றால் 20, அதன் மேல் 18% ஜிஎஸ்டி 3.60. அது உங்கள் செலவு, வாங்கியவருக்கு அதில் சம்பந்தமில்லை. ஜிஎஸ்டி பதிவு இருந்தால், கேட்வே தரும் பில்லை வைத்து அந்த 3.60ஐ இன்புட் கிரெடிட்டாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். மாதாமாதம் அந்த பில்லை டவுன்லோடு செய்து வையுங்கள்.

கேள்வி (கரூர், போர்வை, திரைச்சீலை): 2,000 ரூபாய் ஆர்டர். ஒருத்தர் 500 ரூபாய் தீபாவளி கூப்பன் போட்டார், இன்னொருத்தர் 500 ரூபாய் கிஃப்ட் வவுச்சர். ரெண்டு பேர்கிட்டயும் 1,500 தான் பிடிச்சது. பில்?

பதில்: கூப்பன்காரருக்கு 1,500. தள்ளுபடியை பில்லிலேயே காட்டினால் மீதிக்கு மட்டும் வரி. வவுச்சர்காரருக்கு 2,000. அவரோ அவருக்குப் பரிசு கொடுத்தவரோ அந்த 500ஐ முன்பே உங்களிடம் கட்டிவிட்டார், வவுச்சர் பணம் கட்டும் இன்னொரு வழி. இரண்டையும் கடை சாஃப்ட்வேரில் ‘டிஸ்கவுண்ட்’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால் வரி குறைவாகக் கட்டியதாக ஆகிவிடும்.

கேள்வி (சென்னை, வாங்குபவர்): போன் பில் 20,000. கார்டில் 18,500 தான் போச்சு, பேங்க் ஆஃபர். ஆபீஸ்ல பில்லைக் காட்டினா 20,000 கிடைக்குமே?

பதில்: அந்த 1,500ஐ பேங்க் கொடுத்திருந்தால் கடைக்கு முழு 20,000மும் போய்ச் சேரும், அதனால் பில் சரி. ஆனால் உங்கள் பையிலிருந்து போனது 18,500. ஆபீசில் ஆர்டர் பக்கத்தையும் சேர்த்துக் காட்டி அதையே கேளுங்கள்.

கிரெடிட் கார்டு ‘நோ காஸ்ட் இஎம்ஐ’யில் (வட்டியில்லாத் தவணை என்று சொல்வது) இது தலைகீழ். 12,000 ரூபாய் பொருளுக்கு வட்டி 700 என்றால், அதைத் தள்ளுபடியாகக் கழித்து 11,300க்குக் கடன் போடுவார்கள். பிறகு பேங்க் 700 வட்டியும், அந்த வட்டிக்கு 18% ஜிஎஸ்டியாக 126ம் வசூலிக்கும். பிராசசிங் கட்டணம் வேறு. இந்த 126 கடை பில்லில் வராது. கடைக்காரரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

கேள்வி (நாகர்கோவில்): அக்கா, வீட்டு மசாலாப்பொடி விற்கிறேன், ஜிஎஸ்டி பதிவு இல்லை. வெப்சைட் செய்து தந்தவர் செக்அவுட்டில் 5% வரி வைத்துவிட்டார். நான் கையால் எழுதும் பில்லில் வரி இல்லை.

பதில்: இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. இதுவரை வாங்கியதை ஆர்டர் ஆர்டராகத் திருப்பிக் கொடுங்கள். கேரளாவுக்கும் பார்சல் அனுப்புகிறீர்களா? வெளிமாநிலத்துக்கு மசாலா விற்றால், ஆண்டு விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பு உங்களுக்கு உதவாது, முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும்.

கேள்வி (காஞ்சிபுரம்): சிங்கப்பூர் கஸ்டமர்கிட்ட 4,500 ரூபாய் பிடிச்சோம். அவர் கார்டில் அதைவிடக் கூடுதலாப் போயிருக்குன்னு கோவிக்கிறார்.

பதில்: டாலர் மாற்று விகிதமும் வெளிநாட்டுக் கட்டணமும் அவருடைய பேங்க் போடுவது. கேட்வேயில் 4,500 பிடித்த பக்கத்தை அனுப்புங்கள். ரீஃபண்ட் செய்தால் அன்றைய விகிதத்தில்தான் போய்ச் சேரும், குறையலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி (திருச்சி): யுபிஐயில் 850 பிடிச்சிடுச்சு, கடையில ஆர்டர் விழலை. கஸ்டமர் திரும்பவும் 850 கட்டி ஆர்டர் போட்டார். ரெண்டு பில் போடறதா?

பதில்: ஒரே பில், ஒரே பார்சல். முதல் 850 கேட்வேயில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் அங்கிருந்தே நீங்கள் ரீஃபண்ட் செய்ய வேண்டும், தானாகப் போகும் என்று காத்திருக்காதீர்கள். வரவே இல்லை என்றால் பணம் பேங்குகளுக்கு நடுவில் நிற்கிறது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அவரிடம் யுடிஆர் எண்ணை (அந்தப் பணப் பரிமாற்றத்தின் அடையாள எண்) வாங்கி, ‘இந்தப் பணம் எங்களுக்கு வரவில்லை’ என்று எழுதி அனுப்புங்கள். அவர் தன் பேங்கில் புகார் கொடுக்க அது கைகொடுக்கும்.