மறு: லண்டனுக்கும் பாரிஸுக்கும் கிரைண்டர் – யுகேசிஏ வேண்டுமா?

வணக்கங்க. கோவையிலிருந்து டேபிள் டாப் கிரைண்டரை லண்டன் இறக்குமதியாளருக்கு அனுப்புகிறீர்கள், அவரே பாரிஸ் கடைகளுக்கும் கொடுக்கிறார், ஐரோப்பிய ஒன்றிய விதிகளுக்குப் பொருந்துகிறது என்று காட்டும் சிஇ முத்திரை இருக்கிறது, அதற்குப் பதிலாகப் பிரிட்டன் கொண்டுவந்த யுகேசிஏ முத்திரைக்குத் தனியாக டெஸ்ட் எடுக்கணுமா என்பதுதானே கேள்வி?

வேண்டாம். பிரெக்ஸிட்டுக்குப் (பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதற்குப்) பிறகு யுகேசிஏ கட்டாயம் என்றார்கள், கெடுவைத் தள்ளித் தள்ளிப் போட்டார்கள். கடைசியில் 2024 அக்டோபர் 1 முதல் மின்சாதனங்களுக்கு சிஇ-யே போதும், காலவரம்பு இல்லை என்று சட்டமே வந்துவிட்டது. அதற்குள் பல கம்பெனிகள் நேம் பிளேட்டில் இரண்டு முத்திரையையும் அடித்துவிட்டன, அது தப்பில்லை. ஆனால் யாராவது ‘யுகேசிஏ சர்டிபிகேட்’ என்று பெருந்தொகை கேட்டால் நம்பாதீர்கள். கிரைண்டருக்கு இரண்டுமே தயாரிப்பாளரின் சுய அறிவிப்புதான்.

உங்கள் சிக்கல் பாரிஸில் இருக்கிறது. லண்டன்காரர் இப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியாள். 2021 ஜூலை 16 முதல் ஒன்றியத்துக்குள் பொறுப்பேற்கும் ஒருவரின் பெயரும் முகவரியும் பொருளிலோ பெட்டியிலோ இருக்க வேண்டும். பாரிஸ் கடைக்காரரே இறக்குமதியாளர் ஆகலாம். மாட்டேன் என்றால் அங்கே ஒரு பிரதிநிதியை எழுத்துமூலம் நியமியுங்கள்.

அப்புறம் பிளக். சிஇ அதைத் தொடாது. பிரிட்டனுக்கு உள்ளே ஃபியூஸ் உள்ள, பிஎஸ் 1363 என்ற பிரிட்டிஷ் தரநிலைப்படியான மூன்று முள் பிளக், பிரான்ஸுக்கு வேறு. ஆகவே பேக்கிங்கிலேயே இரண்டு லாட்டாகப் பிரித்துவிடுங்கள்.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தம் சுங்கவரி பற்றிய கணக்கு. சிஇ-க்கான டெஸ்ட் ரிப்போர்ட்டை அது தள்ளுபடி செய்யாது.