பழைய பிரிண்டரால் புது வைஃபை மந்தமாகுமா?

கேள்வி: புதிதாக வைஃபை 6 ரூட்டர் போட்டிருக்கிறேன். 2008-இல் வாங்கிய பிரிண்டர், ஒரு பழைய லேப்டாப், ஸ்மார்ட் பிளக் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பழைய கருவி ஒன்று சேர்ந்தாலே மொத்த வீடும் அதன் வேகத்துக்கு இறங்கிவிடும் என்கிறார் நண்பர். பிரிண்டரைத் தூக்கிப் போட்டுவிடவா?

பதில்: வேண்டாம். உங்கள் நண்பர் சொல்வது பாதி உண்மை. ஒவ்வொரு கருவியும் அதனதன் வேகத்தில்தான் பேசும். ஆனால் ஒரு சேனலில் (கருவிகள் பகிர்ந்துகொள்ளும் அலைப்பாதை) ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1500 பைட் தகவலை 54 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 54 மெகாபிட்) வேகத்தில் அனுப்பக் கால் மில்லி விநாடி கூட ஆகாது. 1 எம்பிபிஎஸ்ஸில் 12 மில்லி விநாடி. அதுவரை மற்ற எல்லாரும் காத்திருக்க வேண்டும். எப்போதாவது இரண்டு பக்கம் அச்சடிக்கும் பிரிண்டரால் இதில் பெரிய நஷ்டமில்லை. அந்த லேப்டாப்பில் யாராவது மணிக்கணக்கில் வீடியோ பார்த்தால்தான் தெரியும்.

இந்தச் சண்டை நடப்பது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். பிரிண்டரும் பிளக்கும் பெரும்பாலும் அங்கே மட்டுமே இயங்கும். ஆகவே போன், டிவி, புது லேப்டாப்பை ரூட்டரின் இன்னொரு அலைவரிசையான 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தால் குழப்பம் இல்லை. (சில ரூட்டர்களில் பெயரின் கடைசியில் '5ஜி' என்று வரும், சிம் கார்டு 5ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.) 2.4-இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸில் வையுங்கள். 1999 காலத்து 802.11பி (பழைய வைஃபை தரம்) கருவி எதுவும் இல்லையென்றால் அந்த ஆதரவையும் அணைத்துவிடலாம்.

பலர் கோட்டை விடுவது பாதுகாப்பு செட்டிங்கில். பழைய பிரிண்டர் இணையவில்லை என்று யாரோ 'டிகேஐபி' என்ற பழைய குறியாக்க முறையைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதில் இணையும் புதுக் கருவியும் 54 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டாது! 'டபிள்யூபிஏ2 - ஏஇஎஸ்' என்ற பாதுகாப்பு முறைக்கு மாற்றுங்கள். 2006-க்குப் பிறகு வைஃபை சான்று பெற்ற கருவிகள் இதை ஏற்கும் என்பதால் உங்கள் பிரிண்டருக்கும் பெரும்பாலும் சிக்கல் வராது. அதைவிடப் புதிய டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழையவை வெளியே நிற்கும்.

பிரிண்டரில் லேன் போர்ட் இருக்கிறதா? இருந்தால், ஒரு கேபிள் போட்டு ரூட்டரில் செருகிவிடுங்கள். பழைய லேப்டாப்புக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் யூஎஸ்பி வைஃபை அடாப்டர் போதும்.