ராமநாதபுரத்திலிருந்து பைக்கில் லடாக் போக எப்படித் திட்டமிடுவது?

இருபது நாள் லீவு போதுமா, எந்த வழி நல்லது, வண்டியில் என்ன வேலை பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். மண்டபத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் நான். 2018இல் ஒரு தடவை, 2023இல் ஒரு தடவை போய் வந்தேன். முதல் தடவை அடித்த கூத்தைச் சொன்னாலே பாதிப் பதில் வந்துவிடும்.

அப்போது மணாலி வழியாகப் போனோம். அடல் சுரங்கப்பாதை 2020இல்தான் திறந்தது என்பதால், 3,978 மீட்டர் ரோத்தாங் கணவாயை ஏறி இறங்க வேண்டியிருந்தது. காலையில் மணாலியில் கிளம்பி அன்று ராத்திரியே சர்ச்சுவில் கூடாரத்தில் படுத்தோம். மணாலி 2,000 மீட்டர், சர்ச்சு 4,200க்கு மேல். நம் வீடோ, கடல் பொங்கினால் வாசலுக்குத் தண்ணீர் வரும் உயரத்தில் இருக்கிறது! பத்து மணிக்கெல்லாம் எனக்குத் தலையைச் சம்மட்டியால் அடிப்பது போல வலி. கூட வந்த மச்சான் கீழக்கரையில் சங்கு குளிக்கிறவர். "மூச்சடக்கிப் பழகின ஆளுக்கு மலை என்ன பண்ணும் மாப்ள" என்று மணாலியில் சொன்னவர், விடிய விடிய வாந்தி எடுத்தார். உயரத்தில் காற்று குறைவதால் வரும் உயர நோய் இது, உடம்புத் தெம்புக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. காலையில் பையைத் திறந்தால், ஊரில் வாங்கின மிக்சர் பாக்கெட் பேத்தை மீன் மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. வெளியே காற்றழுத்தம் அவ்வளவு குறைவு.

அதனால் கிலோமீட்டர் கணக்கை அப்புறம் பாருங்கள். எந்த ராத்திரி எந்த உயரத்தில் தூங்குவது என்பதை முதலில் எழுதுங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால், ஒரு ராத்திரிக்கும் அடுத்த ராத்திரிக்கும் நடுவே 500 மீட்டருக்கு மேல் கூடாமல் இருப்பது நல்லது. 2023இல் ஸ்ரீநகர் வழியாக ஏறினேன். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், சோனாமார்க் 2,700, கார்கில் 2,676, லே 3,500. நடுவில் ஜோஜி லா 3,528, ஃபோட்டு லா 4,108 என்று கணவாய்களை ஏறினாலும் ('லா' என்றால் கணவாய்), தூங்குவது கீழேதான். கார்கிலிலிருந்து லேக்கு மட்டும் ஒரே தாவல். அதற்காக லேயில் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் கிடந்தேன். அப்புறம் 5,359 மீட்டர் கர்துங் லா ஏறியபோது லேசான கிறுகிறுப்பு, அவ்வளவுதான். உயர நோய்க்கான அசெட்டசோலமைடு மாத்திரை வேண்டுமா என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், சல்ஃபா வகை மருந்துக்கு அலர்ஜி இருந்தால் மறக்காமல் சொல்லுங்கள். அங்கே போய் நடை தள்ளாடினால் மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள், உடனே கீழே இறங்குங்கள்.

வண்டி விஷயத்தில் நமக்கென்று ஒரு தலைவலி உண்டு. உப்புக் காற்று. வெளியே பளபளவென்று இருந்த என் பின் சக்கரத்தில், நாக்பூருக்கு முன்னால் ஸ்போக்ஸ் கம்பி இரண்டு ஒடிந்தன. கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிளுக்குள் துரு பிடித்திருந்ததை நான் பார்க்கவில்லை. ஊருக்கெல்லாம் இன்ஜின் பார்க்கிறவன் வண்டி லட்சணம் இது! கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே ஸ்போக்ஸ், செயின், கிளட்ச் கேபிள், பிரேக் பேட் எல்லாவற்றையும் பாருங்கள். வயர்களை இணைக்கும் கப்ளர்களைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா என்று பார்த்துச் சுத்தம் செய்யுங்கள். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் மேலே புகை தள்ளும், இழுவையும் இருக்காது. பெட்ரோலுக்கு காற்று போதாது. ஃபியூவல் இன்ஜெக்ஷன் தானே சரிசெய்துகொள்ளும், ஆனாலும் பவர் குறையத்தான் செய்யும்.

மணாலி வழியில் தண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்க்கில் 'அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்' என்று போர்டு வைத்திருந்தார்கள். ஊரில் லிட்டருக்கு 35 கொடுத்த வண்டி அங்கே 28தான் கொடுத்தது. என் டேங்க் 13 லிட்டர், பெருக்கிப் பாருங்கள். ஐந்து லிட்டர் கேன் கட்டாயம். சாலையை அறுத்து ஓடும் ஓடைகளைக் காலையிலேயே தாண்டிவிடுங்கள், வெயில் ஏறிப் பனி உருகினால் மத்தியானம் முழங்கால் அளவு வந்துவிடும்.

வெளிமாநிலத்து ப்ரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீரிலும் லடாக்கிலும் வேலை செய்யாது. போஸ்ட்பெய்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். முதல் தடவை இது தெரியாமல் போய், நான்கு நாள் போன் வரவில்லை என்று அம்மா ஏர்வாடி தர்காவுக்கு நேர்ந்துகொண்டார்.

எனக்கு மீன்பிடித் தடைக்காலம்தான் சீசன், கரையேற்றின போட்டுகளின் இன்ஜினெல்லாம் அப்போதுதான் பட்டறைக்கு வரும். ஜூன் 14 முடிந்து கிளம்பியதால் தெலங்கானாவில் பருவமழையில் நனைந்தேன். உங்களுக்கு லீவு எப்போதும் கிடைக்கும் என்றால் செப்டம்பர் முதல் பாதியைச் சொல்வேன், ஓடைகளில் தண்ணீரும் குறைந்திருக்கும்.

சரி, இருபது நாள். மதுரையில் என்.எச். 44ஐப் பிடித்தால் ஸ்ரீநகர் வரை அதே சாலைதான், ஆனால் ஜம்மு போகவே ஏழெட்டு நாள். திரும்பவும் அதே அளவு. மிச்சம் இருக்கிற நாலைந்து நாளில் மலை ஏறினால் 2018 கதைதான். போகும்போது வண்டியை ரயில் பார்சலில் டெல்லிக்கோ ஜம்முவுக்கோ போட்டுவிடுங்கள். டேங்கில் ஒரு சொட்டு பெட்ரோல் இருக்கக்கூடாது, ஆர்.சி. நகலும் அடையாள அட்டையும் வேண்டும். வண்டியின் சைடு கண்ணாடிகளை நீங்களே கழற்றிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.